முகப்பரு அற்ப விடயமா?

முகப்பருவைப் பற்றி எழுதவிருக்கிறோம் என்று சொன்னதும், ஆசிரியர் சங்க வேலைகளில் நம்மோடு பல ஆண்டுகளாகத் தோள்கொடுத்து நிற்கும் நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அரிசி விலையும் மின்சாரக் கட்டணமும் மக்களின் இடுப்பை ஒடித்துக்கொண்டிருக்கையில், பட்டம் பெற்ற பிள்ளைகள் வேலை கேட்டு வீதியில் நிற்கையில், கண்ணாடிக்கு முன் நின்று கன்னத்தைத் தடவிப் பார்க்கும் வாலிபக் கவலை ஒரு கட்டுரைப் பொருளாகுமா என்று கேட்டார். இது குட்டிபூர்ஷுவா மனோபாவம் என்று தீர்ப்பும் வழங்கினார்.

நண்பரை நாம் நோவானேன்? நெடுங்காலம் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். தோலில் வழியும் எண்ணெயும் அதில் முளைக்கும் பருவும் அழகு பற்றிய விடயங்கள்; அழகோ ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு; ஆதலின் உழைக்கும் மக்களின் பக்கம் நிற்போர் இவற்றைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நம்முட் பலருடைய தர்க்கம் இதுவே. இத்தர்க்கம் பிழையானது. பிழையானது மட்டுமன்று, யாரை எதிர்ப்பதாக நாம் சொல்லிக்கொள்கிறோமோ அவர்களுக்கே அது இலாபம் ஈட்டிக் கொடுக்கிறது.

நாமறிந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறியே தொடங்க வேண்டியிருக்கிறது. அதில் நமக்கும் பங்குண்டு.

2023ஆம் ஆண்டில் நாம் கற்பித்த பதினோராந் தர வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வெங்காயத் தோட்டங்களிற் புல்லுப் பிடுங்கியும் அறுவடைக்குப் போயும் நாட்கூலி பெறும் தாயின் ஒரே பிள்ளை. தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்கு நமது பாடசாலையிலிருந்து அனுப்பத்தக்கவள் அவளே என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. நெற்றியும் மூக்கும் எண்ணெய் பூசியது போல் மினுங்கும், கன்னமெங்கும் பருக்கள். ஒருநாட் காலை, வகுப்பில், "முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வரக்கூடாதா பிள்ளை?" என்று நாம் கேட்டோம். கண்டிப்பாகவன்று, பரிவாகவே கேட்டதாக அன்று நமக்கு நினைவு. வகுப்பு சிரித்தது. நாமும் மறந்துவிட்டோம்.

அவள் மறக்கவில்லை. நாளுக்கு ஆறு ஏழு தடவை உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தாலேயே முகம் கழுவினாள் என்பது பின்னரே தெரியவந்தது. பரு கூடியதேயன்றிக் குறையவில்லை. பின்னர், பட்டினத்து அலங்கார நிலையம் ஒன்றிலே பெயரும் விபரமும் ஒட்டப்படாத ஒரு சிறு டப்பாவில் வெள்ளைக் கிறீம் வாங்கினாள். தாயின் இரண்டு நாட் கூலி அது. பத்து நாளில் முகம் வெளுத்துத் துலங்கிற்று, பருக்கள் அமுங்கின. ஆசிரியைகள் பாராட்டினார்கள், நாமும் பாராட்டினோம் என்பதை எழுதுகையில் கை கூசுகிறது. நாலாம் மாதத்தில் கன்னங்கள் சிவந்து, வெயிலில் இறங்கினால் நெருப்புப் பட்டது போல் எரிந்தன. தோல் கடதாசி போல் மெலிந்து அதனூடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் பூனைமயிர் அரும்பிற்று. கிறீமை நிறுத்தினால் ஒரே வாரத்தில் சீழ்ப்பருக்கள் கொப்புளித்தன. மீண்டும் பூசினால் அடங்கின. பேச்சுப் போட்டி நாளன்று அவள் பாடசாலைக்கு வரவில்லை. அதன்பின் வகுப்பில் அவள் புத்தகத்தை வாசித்தாள் என்று சொல்வதிலும், புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வதே பொருந்தும்.

நண்பரிடம் நாம் கேட்பது இதுதான்: இதிலே எது அற்பம்?

நாம் அம்மாணவிக்குச் சொன்ன புத்திமதி விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணெய்ச் சருமம் அழுக்கன்று, நோயுமன்று. மயிர்க்கால்களோடு ஒட்டியபடி நமது தோலில் நெய்ச்சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அவை இல்லை. தலையிலும் முகத்திலும் மார்பின் மேற்புறத்திலும் முதுகிலும் செறிந்திருக்கின்றன. முகத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பினுள் 400 முதல் 900 வரையான சுரப்பிகள் உள்ளன. சிறுபராயத்தில் அடங்கிக் கிடக்கும் இவை, பூப்புப் பருவத்தில் அந்திரசன் எனப்படும் ஓமோன்களின் தூண்டுதலாற் பருத்து நெய்யைப் பெருக்குகின்றன. ஆண்களுக்கு மட்டுமன்றிப் பெண்களின் உடலிலும் இந்த ஓமோன் சுரக்கிறது. எவருக்கு எவ்வளவு நெய் என்பதைப் பரம்பரையும் ஓமோனும் தீர்மானிக்கின்றன. சவர்க்காரக் கட்டி தீர்மானிப்பதில்லை. மயிர்க்காலின் வாயில் உதிர்கலங்கள் அடைத்துக்கொள்ள, உள்ளே தேங்கும் நெய்யில் தோலில் இயல்பாகவே வாழும் ஒருவகைப் பற்றீரியா பெருக, சுற்றியுள்ள இழையம் அழற்சியுற்று வீங்குகிறது. இதுவே பரு. மூக்கிலே காணும் கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கின் கருமை அன்று. துவாரத்தில் அடைபட்ட பொருள் காற்றுப்பட்டுக் கறுத்ததே அது. தேய்த்துக் கழுவுவோர் தோலின் காப்புப் படையைக் குலைத்து அழற்சியை வளர்க்கிறார்களேயன்றிச் சுரப்பியைத் தொடவும் முடிவதில்லை.

12 முதல் 24 வயது வரையுள்ளோரில் நூற்றுக்கு 85 பேர்வரை ஏதோ ஓர் அளவில் முகப்பருவுக்கு ஆளாகின்றனர் என்பது வைத்திய நூல்கள் கூறும் கணக்கு. நாற்பது பேர் கொண்ட மேல்வகுப்பு ஒன்றிலே முப்பத்துநான்கு பேர். இத்தனை பேரின் உடலில் நிகழும் ஒன்றைப் பற்றிப் பாடசாலையிலே வாய் திறப்போர் யார்? சுகாதாரப் பாடத்தில் அதற்கு நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு? நாம் மௌனம் சாதிக்கும் இடத்தில் விளம்பரக்காரன் பேசுகிறான். கைப்பேசித் திரையில், பேருந்துத் தரிப்பிடத்தில், மூலைக்கடையில் ஒற்றைப் பாவனைக்கென விற்கும் சிறு பைக்கற்றில் அவன் ஓயாது பேசிக்கொண்டிருக்கிறான்.

அவன் பேசும் மொழியைச் சற்று ஆராய்வோம். தமிழ் படித்தவர்களுக்கு அது இயல்பான கடமை. உலர்ந்த சருமம், சாதாரண சருமம், எண்ணெய்ச் சருமம் என்று மனிதரை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் புட்டி விற்கும் வழக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பரப்பியவர்களுள் முக்கியமானவர் ஹெலனா ரூபின்ஸ்ரைன் என்னும் அழகுசாதன வர்த்தகர். வைத்தியர்கள் இன்று இச்சொற்களைக் கையாளுகிறார்கள் என்பது உண்மையே. எனினும் இவை கடைத்தட்டில் வளர்ந்த சொற்கள் என்பதை நினைவிற் கொள்வது நன்று. பிரிவு கூடக்கூடப் புட்டியும் கூடும். இப்பொழுது ஆண்பிள்ளைகளுக்கென்று கரிநிறப் புட்டியும் வந்துவிட்டது.

நமது எழுத்தாளர்களும் இவ்விடயத்திற் குற்றமற்றவர்கள் அல்லர். ஏழையையோ அப்பாவியையோ அறிமுகப்படுத்த வேண்டுமாயின், "எண்ணெய் வழியும் முகம்" என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வது நம் சிறுகதைகளிலே தேய்ந்துபோன ஒரு வழக்கம். முற்போக்குக் கதைகளிலும் அதைக் காணலாம். உடலின் இயற்கைத் தொழில் ஒன்றை வறுமைக்கும் அறியாமைக்கும் அடையாளமாக்கிவிட்டோம். அசடு வழிந்தாலும் எண்ணெய் வழிந்தாலும் தமிழில் ஏறக்குறைய ஒரே பொருள்தான்!

முகப்பருவுக்கும் வெள்ளை நிற மோகத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நெருங்கியது. நம்மவர் போன்ற கருநிறத் தோலிலே பரு ஆறிய இடத்தில் கபில நிறப் புள்ளி தோன்றிப் பல மாதம் நிற்கும். பருவைப் போக்கக் கடைக்குப் போன பிள்ளை புள்ளியைப் போக்க மீண்டும் போகிறது. அங்கே அதற்கு வெண்மையை விற்கிறார்கள். 1975ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான ‘ஃபெயர் அன்ட் லவ்லி’ என்ற கிறீம் நாற்பத்தைந்து ஆண்டுகள் வெண்மையே அழகு என்று தன் பெயராலேயே போதித்தது. 2020ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகெங்கும் அதிர்வை ஏற்படுத்திய வேளையில், அப்பெயர் ‘க்ளோ அன்ட் லவ்லி’ என மாற்றப்பட்டது. பெயர் மாறிற்று, நமது பத்திரிகைகளின் "மணமகள் தேவை" விளம்பரங்களில் நிறத்தைக் கேட்கும் வரி மாறவில்லை.

இத்தனைக்கும் வெண்மைதான் அழகு என்பது தமிழரின் ஆதி மரபு என்றும் சொல்ல முடியாது. சங்கச் செய்யுள்களில் தலைவியின் மேனியழகைச் சுட்டும் சொற்களுள் ‘மாமை’ முதன்மையானது. மாந்தளிரின் கருமை கலந்த ஒளி அது. ‘மாயோள்’ என்று தலைவியைப் புகழ்ந்தார்கள். நிறம் வெளிறுதலுக்கு அவர்கள் வைத்த பெயர் பசலை. அது நோய், அழகன்று. திருக்குறளில் அந்நோய்க்கென ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. பழம்பெருமை பேசுவது நம் நோக்கமன்று. நிலவுடைமையும் சாதியும் நிறத்துக்கு விலை வைத்ததையும், அந்நிய ஆட்சி அவ்விலையை உயர்த்தியதையும் நாமறிவோம். ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நோயெனப்பட்ட வெளிறலை இன்று டப்பாவில் அடைத்து நமக்கே விற்கிறார்கள் என்பது மூலதனத்தின் சாமர்த்தியத்துக்கு நல்ல உதாரணம்.

அந்த டப்பாவுக்குள் இருப்பது என்ன? இரண்டு பொருள்களைச் சொன்னாற் போதும்.

ஒன்று ஸ்ரீரொயிட். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் முதலியன இவ்வகையின. இவை நஞ்சுகள் அல்ல. தோல் அழற்சி நோய்கள் பலவற்றுக்குச் சிறந்த மருந்துகள். வைத்தியர் இத்தனை நாள், இந்த இடத்தில், இந்த அளவு என்று வரையறுத்துக் கொடுக்கையில் நோயாளிக்கு நிம்மதி அளிப்பவை. அவற்றையே முகம் முழுவதும் மாதக்கணக்காகப் பூசினால் அம்மாணவிக்கு நேர்ந்தது நேரும். தோல் மெலியும், குழாய்கள் விரியும், மருந்தினாலேயே பரு உண்டாகும், நிறுத்தினாற் சீறும். சீறலை அடக்க மறுபடியும் அதையே பூச வேண்டியிருப்பதால் வாடிக்கையாளர் தப்பிப் போவதில்லை. வியாபாரிக்கு இதனினும் வாய்ப்பான சரக்கு வேறு உண்டா? இந்தியாவில் இக்கேடு பெருகிக் கடும் ஸ்ரீரொயிட் கிறீம்கள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென 2018ஆம் ஆண்டில் விதி செய்ய நேர்ந்தது. இங்கே, "முகத்துக்குப் பூச ஏதாவது தாருங்கள்" என்றதும், துண்டு கேளாமலே குழாயொன்றை எடுத்து நீட்டும் பாமசிகளை நாம் நேரிற் கண்டிருக்கிறோம். படர்தாமரைக்கும் அதே குழாய், தேமலுக்கும் அதே குழாய். படர்தாமரை அதனால் உருமாறிப் பரவும் என்பதை வாங்குபவர் அறியார். விற்பவருட் சிலரும் அறியார்.

மற்றது பாதரசம். தோலின் நிறப்பொருளான மெலனின் உருவாவதை இது தடுக்கும், அதனாலேயே வெளுக்கும். தோலினூடே உடலுட் புகுந்து சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். பூசியவரின் துவாய், தலையணை வழியே வீட்டிலுள்ள குழந்தைகளையும் அது சென்றடையும். யப்பானின் மினமாட்டா நகரில் தொழிற்சாலைப் பாதரசத்தால் மக்கள் பட்ட அவலத்தின் பெயரைத் தாங்கிய சர்வதேசச் சமவாயம் 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. அழகுசாதனங்களிலிருந்து பாதரசத்தை அகற்றுவது அதன் விதிகளுள் ஒன்று. 2023ஆம் ஆண்டில் காபொன், ஜமைக்கா ஆகிய நாடுகளுடன் இலங்கையையும் சேர்த்து, பாதரசம் கலந்த வெண்மைக் கிறீம்களை ஒழிப்பதற்கென 14 மில்லியன் டொலர் செலவில் ஒரு சர்வதேசத் திட்டம் தொடக்கப்பட்டது. ஆபிரிக்காவில் ஒரு நாடு, கரீபியனில் ஒரு நாடு, தென்னாசியாவில் ஒரு நாடு. மூன்றும் குடியேற்ற ஆட்சியின் கீழ் இருந்தவை. மூன்றிலும் கருநிற மக்கள். நண்பர் இன்னும் இதைக் கண்ணாடிக் கவலை என்பாரா?

சட்டத்தின் நிலையையும் இங்கு குறிப்பிடலாம். 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தன் பெயரிலேயே அழகுசாதனப் பொருள்களையும் மருந்துகளையும் ஒருங்கே சேர்த்திருந்தது. அதனிடத்தில் வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரில் மருந்துகள் மட்டுமே உண்டு. அழகுசாதனம் பெயரிலிருந்து நழுவிற்று. சட்டத்தின் பெயரை வைத்துச் சட்டத்தை எடைபோட முடியாது என்பார்கள். முடியாதுதான். ஆனால் பூச்சு வேறு, மருந்து வேறு என்ற எண்ணமே அந்த அலங்கார நிலையக்காரியின் முழு முதல். டப்பாவில் இருப்பது மருந்து, விற்கப்படுவது பூச்சு.

இனி வைத்தியத்துக்கு வருவோம்.

அம்மாணவியை ஒரு சக ஆசிரியையும் தாயுமாக அரசினர் வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குக் கூட்டிச் சென்றனர். அதிகாலை ஐந்தரைக்குப் பேருந்து. இரண்டு பேருந்து மாற வேண்டும். தாய்க்கு அன்று கூலியில்லை. நெடுநேரம் வாங்கிலிற் காத்திருந்தனர். ஆனால் வைத்தியரின் முன்னால் அமர்ந்த அந்தச் சில நிமிடங்களில் நடந்தது எதுவும் கடையில் என்றும் நடவாதது. "என்ன பூசினாய்?" என்பது அவருடைய முதற் கேள்வி. எவ்வளவு நாள், எங்கே வாங்கியது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாய், வேறு மருந்து எடுக்கிறாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகள் வீணானவை அல்ல. மாதவிடாய் தவறுவதும் முகத்தில் மயிர் அரும்புவதும் பருவோடு சேர்ந்து வந்தால் சூலகத்தின் ஓமோன் கோளாறு ஒன்று மறைந்திருக்கலாம்; அதற்குப் பரிசோதனை வேறு. நெற்றியோரத்திலே சிறுமணிகள் போல் வருவது பலவேளை தலையெண்ணெய் வடிவதால் உண்டாவது. அதற்கு மருந்தே வேண்டாம், எண்ணெயைக் குறைத்தால் போதும். கராஜில் வேலை செய்யும் பையனின் தொடையிலும் முழங்கையிலும் கிளம்பும் பரு இயந்திர எண்ணெய் ஊறிய உடுப்பினால் வருவது. அவனுக்கு வேண்டியது மாற்றுடுப்பு, அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. ஒரே தோற்றமுடைய பருவுக்குள் இத்தனை வேற்றுமை. இதைப் பிரித்தறிவதற்குத்தான் வைத்தியர் பல ஆண்டுகள் படிக்கிறார்.

சிகிச்சை மெதுவானது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. கடை பத்து நாளில் வெண்மை தரும். வைத்தியம் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுத்திரு என்று சொல்லும். முதலில் ஸ்ரீரொயிட்டைப் படிப்படியாக விடுவித்து, எரிவைத் தணித்து, வெயிலைத் தவிர்க்கச் சொன்னார். மென்மையான கழுவுபொருளால் நாளுக்கு இருமுறை முகம் கழுவினாற் போதும், தேய்க்கலாகாது, கிள்ளலாகாது, தேசிக்காய்ப்புளியைப் பூசிக்கொண்டு வெயிலிற் போகவே கூடாது. எண்ணெய்ச் சருமத்துக்கும் ஈரப்பசை தரும் களிம்பு தேவை என்று அவர் சொன்னது நமக்குப் புதுமையாக இருந்தது. துவாரங்களை அடைக்காத வகையாக அது இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. பின்னர், விற்றமின் ஏ வழிவந்த அடப்பலீன் என்ற பூச்சை இரவில், ஒரு பயறளவு, பரு உள்ள இடத்தில் மட்டுமன்றி முகம் முழுவதும் மெல்லியதாகப் பூசும்படி கொடுத்தார். முதற் சில வாரங்கள் தோல் உரியும், பயந்து விட்டுவிடாதே என்று முன்கூட்டியே சொன்னார். இந்த ஒரு வாக்கியம் இல்லாமையால் எத்தனையோ பேர் நல்ல மருந்தை இடைநடுவில் எறிந்துவிட்டுக் கெட்ட மருந்துக்குப் போகிறார்கள்.

பருவுக்கு வழங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தனியே கொடுப்பதில்லை. கொடுத்தாலும் சில மாதங்களுக்கு மேல் நீட்டுவதில்லை. நீட்டினால் பற்றீரியா அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும். ஆகவே பென்சோயில் பெரொட்சைட்டு போன்றவற்றோடு சேர்த்தே வழங்குவர். கட்டிகளாய்ப் புடைத்துத் தழும்பேற்படுத்தும் கடும் பருவுக்கு ஐசோரெற்றினோயின் என்ற மாத்திரை உண்டு. 1982இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. நெய்ச்சுரப்பியையே சுருக்கவல்ல மருந்து அது. ஆனால் கருவிலுள்ள சிசுவுக்குக் கொடிய ஊனம் விளைக்கும். ஈரலையும் இரத்தக் கொழுப்பையும் சோதித்தே கொடுக்க வேண்டும். இத்தகைய ஒன்றைத் தோழி தந்தாள், கைப்பேசியில் ஒருத்தி சொன்னாள் என்று விழுங்குவதை நாம் வேடிக்கை பார்த்திருக்கலாமா? "பருவ வயது, தானாகப் போகும்" என்று ஆறுதல் சொல்லும் பெரியோருக்கும் இதே பதில்தான். பலருக்குத் தானாகப் போகும், உண்மை. தழும்பு தானாகப் போவதில்லை.

அப்பிள்ளை தெளிவதற்கு எட்டு மாதமாயிற்று. கன்னத்திலே சில குழாய்கள் இன்னும் தெரிகின்றன. ஒருமுறை எழுதிக்கொடுத்த பூச்சு வைத்தியசாலையில் இருப்பில் இல்லை. வெளியில் வாங்கும்படி சொன்னார்கள். 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் இது நமக்குப் பழகிப்போன வாசகம். அந்நெருக்கடியை அடுத்து நாட்டை விட்டுப் போன வைத்தியர்கள் பலர். விசேட வைத்திய நிபுணர்களும் அவர்களுள் அடங்குவர். மீதியிருப்போரை மாலையில் தனியார் வைத்தியசாலையிற் ‘சனல்’ செய்து காணலாம். தாயின் ஒரு நாட் கூலி அதற்குக் காணாது. ஆக, பட்டினத்து வசதிக்காரரின் பிள்ளைக்கு நிபுணர். தோட்டக்கூலியின் பிள்ளைக்குப் பெயரில்லா டப்பா. வர்க்கம் முகத்திலே எழுதப்படுகிறது என்று சொன்னால் அது உவமையன்று.

மருந்து யாருக்காக என்ற கேள்வியை இந்நாட்டில் முன்பே ஒருவர் எழுப்பிவிட்டார். பேராசிரியர் சேனக பிபிலேயும், கம்யூனிஸ்ட் கட்சியின் ஸ்தாபகர்களுள் ஒருவரான வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் சமர்ப்பித்த அறிக்கையின் வழியிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. வியாபாரப் பெயரால் அன்று, மருந்தின் உண்மைப் பெயரால் வாங்குவோம். தேவையற்றதைத் தள்ளித் தேவையானதை மலிவாகத் தருவோம் என்பது அவர்களுடைய கொள்கை. பிபிலே 1977இற் காலமானார். அதே ஆண்டில் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்தது. புட்டிகளுக்கும் பைக்கற்றுகளுக்கும் துறைமுகம் திறந்தது. அவ்வாண்டிலேயே உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்நிறுவனத்தின் அண்மைக் காலப் பட்டியல்களில், பருவுக்கு வழங்கும் பென்சோயில் பெரொட்சைட்டு இடம்பெற்றிருக்கிறது. உலகின் ஏழை நாடுகளும் கட்டாயம் இருப்பில் வைக்க வேண்டியவை என்று தெரிந்தெடுத்த மருந்துகளோடு பருவுக்கான மருந்தையும் வைத்தவர்கள் குட்டிபூர்ஷுவாக்கள் அல்லர்.

தோல் ஓர் உறுப்பு. இருதயத்துக்கும் ஈரலுக்கும் இலவச வைத்தியம் கேட்ட இயக்கம் தோலை மட்டும் அலங்கார நிலையத்துக்கு விட்டுக்கொடுத்தது ஏன்? வெளியிலே தெரிவதால் அது அழகென்று எண்ணிவிட்டோம். எண்ணெய் சற்று மினுங்கும் முகத்துக்கு வைத்தியரே தேவையில்லை. அப்பிள்ளையை நிம்மதியாக விட்டாற் போதும். வீங்கிப் புடைத்து வடு விழும் முகத்துக்கு வைத்தியர் கட்டாயம் தேவை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்பவர் எவருமில்லாதபடியால் முன்னவர் பயமுறுத்தப்பட்டு வாங்குகிறார். பின்னவர் கைவிடப்பட்டு வாங்குகிறார்.

நாம் கோருவன பெரியன அல்ல. பாடசாலை வைத்திய பரிசோதனையில் பல்லையும் கண்ணையும் பார்க்கிறவர்கள் மேல்வகுப்புப் பிள்ளைகளின் தோலையும் பார்க்கட்டும். தேவையானவரைக் கிளினிக்குக்கு அனுப்பும் துண்டை அங்கேயே எழுதட்டும். தோல் நோய்க் கிளினிக்குகள் மாவட்டத்தின் பெரிய வைத்தியசாலையோடு நின்றுவிடாமல், மாதத்தில் ஒரு நாளாவது சிறிய வைத்தியசாலைகளுக்கும் வரட்டும். ஸ்ரீரொயிட் பூச்சுகளைத் துண்டின்றி விற்போர் மீதும், உள்ளடக்கம் அச்சிடாத டப்பாக்களை விற்போர் மீதும் சட்டம் பாயட்டும். பண்டிகைக் காலத்தில் முட்டை விலை பார்க்க வரும் அதிகாரிகளுக்கு இந்த டப்பாக்களும் கண்ணிற் படலாமே! ஆசிரியர்களாகிய நாம் செய்ய வேண்டியது இன்னும் இலகு. ஒரு பிள்ளையின் முகத்தைப் பற்றி வகுப்பறையில் வாய் திறவாதிருத்தல்.

இக்கோரிக்கைகளைப் பிரேரணையாக எழுதி, அடுத்த சங்கக் கூட்டத்தில் நாம் முன்வைக்கவிருக்கிறோம். வழிமொழிபவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு, பிரதி ஒன்றைச் சிரித்த நண்பரிடமே கொடுத்திருக்கிறோம்.